மூன்றைக் காணவில்லை

அத்தியாயம் ஆறு

அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத பங்குனி மாதத்தில், குற்றாலத்தில் ஒருவர் தலை முதல் கால் வரை எண்ணெய் மினுங்க வந்து நின்றால், அவரை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, கிறுக்கு. இரண்டு, தடயம்.

சாம் முதல் கட்சி. அவனுடைய முதலாளி வடிவம்மாள் இரண்டாம் கட்சி.

தென்காசியில் உரக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள் வடிவம்மாள். காணாமல் போன ஆடு, மாப்பிள்ளையின் குடிப்பழக்கம், கோயில் கொடையில் மாறிப்போன செருப்பு என்று எந்த வழக்கையும் சின்னது என்று தள்ளமாட்டாள். யோசிக்கும்போது மூக்குத்தியைத் திருகுவாள். திருகுவதை நிறுத்திவிட்டால் யாரோ ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். சாம் அவளுடைய உதவியாளன். கம்ப்யூட்டர் டிப்ளமாவில் பாதி படித்தவன். மீதிப் பாதியை வாயால் நிரப்பிக்கொண்டவன்.

எண்ணெய் மினுங்க வந்து நின்றவர் பெயர் பாண்டியராஜ். அவர் நின்ற இடம், குற்றாலிங்கம் அண்ணாச்சியின் திருமணத் தகவல் மையம்.

"அண்ணாச்சி, அந்தப் பச்சைச் சேலைப் பிள்ளைய எனக்குப் பேசி முடிங்க" என்றார் பாண்டியராஜ். "செங்கோட்டைக்காரி. அனுஷ நட்சத்திரம். பி.காம் படிச்சிருக்கு. எனக்கு எல்லாம் பிடிச்சிருக்கு."

குற்றாலிங்கம் அண்ணாச்சியின் முகம் வெந்த பீர்க்கங்காய் போலத் தொய்ந்தது.

"பாத்தியளாம்மா" என்று வடிவம்மாளிடம் திரும்பினார். "அந்தப் பிள்ள ஜாதகம் இன்னைக்குக் காலையிலதான் கம்ப்யூட்டர்ல ஏறிச்சு. நானே இன்னும் பாக்கல. இவரு பாத்துட்டாரு."

"யாரு காட்டினா உங்களுக்கு?" என்று வடிவம்மாள் பாண்டியராஜிடம் கேட்டாள்.

"யாரும் காட்டல. நானா பாத்தேன்."

"எங்கன பாத்திய?"

பாண்டியராஜ் கண்களை மேலே உயர்த்தி விட்டத்தைப் பார்த்தார். இனிமையான எதையோ நினைத்துக்கொண்டவர் போல ஒரு சிரிப்பு வந்து போயிற்று. "அது ஒரு எடம்மா. சொன்னா கூட்டம் கூடிரும்."

"உங்களுக்கு என்ன தொழில்?"

"புளியங்குடியில எலுமிச்சம்பழ மண்டி."

"சரி, நீங்க போயிட்டு வாங்க. அண்ணாச்சி சொல்லி அனுப்புவாரு."

அவர் போனதும் வடிவம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "ஏலே சாம், எலுமிச்சம்பழ மண்டிக்காரர் மேல என்ன வாசம் அடிக்கணும்?"

"எலுமிச்சம்பழ வாசம்."

"என்ன வாசம் அடிச்சிச்சு?"

"வடை சுடலாம்க்கா. அவ்வளவு எண்ணெய்."

வடிவம்மாள் மூக்குத்தியில் கை வைத்தாள்.

விஷயம் இதுதான். ஒரு மாதமாக இந்த மையத்திலிருந்து பெண்களின் ஜாதகம், போட்டோ எல்லாம் எப்படியோ வெளியே கசிந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி வாயைத் திறப்பதற்கு முன்பே, முன்பின் தெரியாத ஆட்கள் பெண் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். பெண் வீட்டார் அண்ணாச்சியைத் திட்டினார்கள். அண்ணாச்சி பொன்செல்வியைத் திட்டினார்.

பொன்செல்வி, கம்ப்யூட்டரில் ஜாதகம் ஏற்றும் பெண். கார்த்திகையில் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"இவ ஒருத்திக்குத்தான் தெரியும். இவதான் வெளிய விக்கா" என்றார் அண்ணாச்சி. "நேத்தே நம்ம யாவாரிகள் சங்கத்து வாட்ஸப் குரூப்புல கோடி காட்டிட்டேன். இன்னைக்கு விளக்கு வைக்கதுக்குள்ள வேற ஆளு யாருன்னு தெரியலேன்னா, இவ போட்டோவையும் பேரையும் போட்டுருவேன். தென்காசியிலருந்து திருநெல்வேலி வரைக்கும் ஒரு கடையிலயும் இவளுக்கு நாற்காலி கெடையாது."

"அண்ணாச்சி, நான் விக்கல" என்றாள் பொன்செல்வி. அதை அவள் காலையிலிருந்து பலமுறை சொல்லியிருக்க வேண்டும். சொல் தேய்ந்துபோய் வந்தது.

"வித்தேன்னு யாருட்டி ஒத்துக்கிடுவா?"

வடிவம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் பொன்செல்விக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "நீ சொல்லு. இந்தக் கம்ப்யூட்டர்ல வித்தியாசமா ஏதாவது நடக்கா?"

பொன்செல்வி அண்ணாச்சியைப் பார்த்தாள். பிறகு வடிவம்மாளைப் பார்த்தாள். "சொன்னா சிரிப்பிய."

"சாம் பக்கத்துல இருந்து இருந்து எனக்குச் சிரிப்பே வர்றதில்ல. சொல்லு."

மேசைமேல் இரண்டு மானிட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடப்பக்கம் இருப்பது பொன்செல்வி வேலை செய்ய. வலப்பக்கம் இருப்பது வருகிறவர்களுக்குப் பெண், மாப்பிள்ளை போட்டோ காட்ட. அது வெளியாட்கள் உட்காரும் பெஞ்சைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"காலையில வந்தா எல்லாம் ஒழுங்கா இருக்கும்க்கா. பத்து மணி வாக்குல திடீர்னு ஜாதகப் பக்கம் மாயமா மறைஞ்சு போயிரும். இந்த ஸ்கிரீன்லயும் இருக்காது, அந்த ஸ்கிரீன்லயும் இருக்காது. ஆனா கீழ வரிசையில தெறந்திருக்குன்னு காட்டும். மவுஸும் அப்படித்தான். அம்புக்குறி சில நேரம் மேல போகும், போனா வராது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்க ஆளைக் கூப்பிட்டேன். அவரு மறுநாள் காலையில வந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனாரு. சரியாப் போச்சு. அவரு தென்காசி போய்ச் சேரதுக்குள்ள மறுபடியும் காணாமப் போச்சு."

"பேய்" என்றார் அண்ணாச்சி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் சந்தேகம் உண்டு. கல்யாணம் ஆகாமச் செத்த பேயா இருந்தா இங்கனதான வரும்."

"வந்தா பதிவு பண்ணிருங்க அண்ணாச்சி" என்றான் சாம். "மறுமணம்னு போட்டுறாதிய, கோவிச்சுக்கிடும்."

"ஏலே, சும்மா கெட" என்றாள் வடிவம்மாள். "இப்ப அந்தப் பச்சைச் சேலைப் பிள்ள பக்கம் எங்கன?"

பொன்செல்வி திரையின் அடி வரிசையைக் காட்டினாள். திறந்திருப்பதற்கு அடையாளமாகக் கோடு இருந்தது. பக்கம் மட்டும் இல்லை.

வடிவம்மாள் மவுஸைப் பிடித்து அம்புக்குறியை இடப்பக்கம் தள்ளினாள். ஓரத்தில் முட்டி நின்றது. வலப்பக்கம் தள்ளினாள். அடுத்த மானிட்டருக்குத் தாவி, அதன் வலது ஓரத்தில் முட்டி நின்றது. கீழே தள்ளினாள். நின்றது. மேலே தள்ளினாள். கூரையைப் பிய்த்துக்கொண்டு போன காக்கா மாதிரி அம்புக்குறி காணாமல் போயிற்று.

"ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல வீடு கட்டியிருந்தா, எலி வீட்டுக்கு வீடு பக்கவாட்டுலதான ஓடணும்?" என்றாள். "இது ஏன் மேல ஏறுது?"

"மேல மாடி இருந்தா ஏறும்" என்றான் சாம், வேடிக்கையாக.

வடிவம்மாள் சிரிக்கவில்லை. "அப்ப மாடி இருக்கான்னு பாரு."

சாம் மவுஸை வாங்கி, காலியிடத்தில் வலது பொத்தானை அமுக்கி, திரை அமைப்புகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தான். அங்கே கம்ப்யூட்டருக்குத் தெரிந்த திரைகள் எல்லாம் பெட்டி பெட்டியாக வரைந்திருந்தன. ஒன்று என்று ஒரு பெட்டி. அதற்குப் பக்கத்தில் இரண்டு என்று ஒரு பெட்டி. அவை இரண்டின் தலைமேலும் ஏறி உட்கார்ந்துகொண்டு, மூன்று என்று ஒரு பெட்டி.

சாம் மேசையை இன்னொரு தடவை பார்த்தான். மேசைமேல் இரண்டுதான் இருந்தன.

"யக்கா, மாடி இருக்கு."

"எங்கன இருக்கு?"

"அதைக் கேக்கதுக்கும் ஒரு பொத்தான் இருக்கு. இதை அமுக்கினா ஒவ்வொரு திரையிலயும் அதோட நம்பர் பெருசா வந்து நிக்கும்."

அமுக்கினான். இடது மானிட்டரில் பெரிதாக 1 வந்தது. வலது மானிட்டரில் பெரிதாக 2 வந்தது. கொஞ்ச நேரம் நின்று, இரண்டும் மறைந்தன.

"மூணு?" என்றாள் பொன்செல்வி.

"மூணு எங்கேயோ வந்துட்டுத்தான் போயிருக்கு. நாமதான் பாக்கல" என்றாள் வடிவம்மாள். "பிள்ள, உன் ஜாதகப் பக்கம் காணாமப் போகல. நீ பாக்க முடியாத ஒரு திரையில தெறந்து கெடக்கு. அதை யாரோ உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கான்."

பொன்செல்வி துப்பட்டாவிலிருந்து விரலை விடுவித்தாள்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் சாம் குனிந்து பார்த்தான். திரைக்குப் போகும் வயர்கள் மூன்று இருந்தன. இரண்டு மானிட்டர்களுக்குப் போயின. மூன்றாவது, சுவரோடு சுவராக வெள்ளை பெயின்ட் அடித்து மூடப்பட்டு, மேலே போய், அட்டைக் கூரைக்குள் நுழைந்து மறைந்தது.

"இது எங்கன போகுது அண்ணாச்சி?"

"அது ஏதோ கரண்ட் வயரு. எனக்கென்ன தெரியும்" என்றார் அண்ணாச்சி. "பெயின்ட் அடிக்கும்போது எல்லாத்துக்கும் சேத்து அடிச்சாச்சு."

அந்த வரிசைக் கடைகள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைக் கூரைதான். நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. வயர் உள்ளே நுழைந்துவிட்டால் எந்தக் கடை வரைக்கும் வேண்டுமானாலும் போகலாம்.

"ஏலே சாம், நீ வரிசையா ஒவ்வொரு கடையாப் போ. நான் இங்கன உக்காந்து அந்தப் பொத்தானை அமுக்கிக்கிட்டே இருக்கேன். எங்கயாவது ஒரு பெரிய மூணு வருதான்னு பாரு."

"யாராவது என்ன தேடுதேன்னு கேட்டா?"

"மூணைத் தேடுதேன்னு சொல்லு."

"பிடிச்சுக் கட்டிப் போட்டுருவாங்கக்கா."

"கட்டிப் போட்டா போன் பண்ணு."

முதல் கடை, நேந்திரங்காய் சிப்ஸ் கடை. அங்கே ஒரு டிவி இருந்தது. சாம் ஆவலோடு போய் அதன் முன்னால் நின்றான். மலையாள சீரியலில் ஒரு பெண் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். சாம் நின்ற நேரம் முழுவதும் இறங்கினாள். மூன்று வரவில்லை. சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தவர் "என்ன வேணும்?" என்றார். "மூணு" என்றான் சாம். அவர் மூன்று பாக்கெட் எடுத்துக் கொடுத்தார். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டான்.

இரண்டாவது, பழக்கடை. ரம்புட்டானும் மங்குஸ்தானும் சீசனுக்குத்தான் வரும். இப்போது கடை பூட்டியிருந்தது. வாசலில் ஓர் ஆடு படுத்திருந்தது. சாம் அதைச் சந்தேகப்படவில்லை.

அதற்கு அடுத்த கடை வாசலில்தான் அவன் நின்றுவிட்டான். போனை எடுத்தான்.

"யக்கா, மசாஜ் கடை. ‘நல்லகண்ணு மூலிகை எண்ணெய்’னு போர்டு. வாசல்ல ஏழெட்டுப் பேரு வரிசை கட்டி நிக்கான். நம்ம எலுமிச்சம்பழம் மறுபடியும் வந்து கடைசியில நிக்காரு."

"அருவியில தண்ணி விழுதா?"

"பாறை இருக்கு. ஒரு குரங்கு அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அதுக்கே நம்பிக்கை போயிட்டு."

"எண்ணெய் தேய்க்கது எதுக்குலே? அருவியில போய்க் குளிக்கதுக்கு. தண்ணியே இல்லாத மாசத்துல இத்தன பேரு எண்ணெய் தேய்க்க நிக்கான்னா, அவன் எண்ணெய்க்காக நிக்கல."

சாமுக்கு இப்போது புரிந்தது. "இவ்வளவு நேரம் கிறுக்குன்னு நெனச்சேன்."

"உள்ள போ."

"யக்கா, அங்கன ஆம்பளையள மட்டுந்தான் விடுவாவ."

"அதனாலதாம்லே உன்ன அனுப்புதேன். போனை ஸ்பீக்கர்ல போட்டு வச்சுக்கோ. நாங்களும் இங்கன ஸ்பீக்கர்ல கேக்கோம்."

சாம் வரிசையை முந்திக்கொண்டு தலையை உள்ளே நீட்டினான். சுவரில் டிவி இல்லை. மூலையில் இல்லை. அலமாரியில் எண்ணெய்ப் பாட்டில்களும் ஓர் ஊதுபத்தி ஸ்டாண்டும்தான் இருந்தன. வரிசையாக நாலு மரப்பலகைகள். நாலிலும் ஆட்கள். தொழிலாளிகள் முதுகு பிடிப்பவர்களாகவும் கால் பிடிப்பவர்களாகவும் இயங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் சரியாக இல்லை. எல்லாரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். கால் வலி என்று வந்தவன் மல்லாந்து கிடந்தால் நியாயம். முதுகு வலி என்று வந்தவனும் மல்லாந்தே கிடந்தான். தொழிலாளி, தோசைக்கு அடியில் கரண்டியை விடுவது போல அவன் முதுகுக்கு அடியில் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் திரும்பிப் படுங்களேன். எனக்குக் கை நோவுது" என்றார் தொழிலாளி.

"நீ உன் வேலையப் பாரு. நான் என் வேலையப் பாக்கேன்" என்றான் படுத்திருந்தவன், மேலேயிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைக்காரர் நல்லகண்ணு வந்து சாமின் தோளைத் தொட்டார். "தம்பி, உள்ள நின்னு பாக்கக்கூடாது. படுத்துத்தான் பாக்கணும்."

சிப்ஸ் பாக்கெட்டுகளை லஞ்சமாகக் கொடுத்து, வரிசையின் திட்டுகளை வாங்கிக்கொண்டு, காலியான பலகையில் சாம் ஏறிப் படுத்தான். நல்லகண்ணு அவனைப் பிடித்து, தலையிருந்த பக்கம் காலும் கால் இருந்த பக்கம் தலையுமாகத் திருப்பிப் போட்டார்.

"இது எதுக்கு?"

"மாட்டும்போது டிவிய எலக்ட்ரீசியன் தலைகீழா மாட்டிட்டான். அவனைத் திரும்பக் கூப்பிட்டா வரல. டிவியத் திருப்ப முடியாதுன்னு ஆளைத் திருப்பிட்டோம்."

சாம் மேலே பார்த்தான். அட்டைக் கூரையில், அவன் முகத்துக்கு நேர் மேலே, ஒரு பெரிய டிவி வானத்தில் சந்திரன் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் செங்கோட்டைப் பெண் பச்சைச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ராசிக் கட்டம், நட்சத்திரம், அப்பா பெயர், போன் நம்பர் எல்லாம் இருந்தன.

"யக்கா" என்றான். அதே நேரம் தொழிலாளி அவன் நெஞ்சில் எண்ணெயை ஊற்றி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "யக்கா" இரண்டாக உடைந்து வெளியே வந்தது.

"எங்கனலே இருக்கே?" போனில் வடிவம்மாள் குரல்.

"மேல இருக்குக்கா. திரை மேல இருக்கு."

"மேலன்னா?"

"பரலோகத்துக்குக் கொஞ்சம் கீழ. நான் மல்லாந்து" — தட் — "கெடக்கேன். பொண்ணு தெரியுது. இப்ப அமுக்கு" — தட் — "ங்க."

அமுக்கியிருக்க வேண்டும். பெண்ணின் முகத்தை மறைத்துக்கொண்டு, கூரை நிறைய, பெரிதாக ஒரு 3 வந்து நின்றது.

"மூணு" என்றான் சாம். வாழ்க்கையில் எந்த எண்ணைப் பார்த்தும் அவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

"எழவு, மறுபடியும் அந்த மூணு வந்துட்டுடே" என்று பக்கத்துப் பலகையில் கிடந்தவர் சலித்துக்கொண்டார். "அரை மணி நேரமா இதே ரோதனை. பொண்ணு நம்பர எழுத விட மாட்டங்கு."

"அம்புக்குறியும் வந்துட்டு" என்றார் இன்னொருவர். "பொண்ணு மூக்கு மேலயே நிக்கி. எவம்லே அவன், கையெடுக்கச் சொல்லு."

"கையெடுத்துட்டேன்" என்றது போன். நாலு பலகையிலும் தலைகள் எழும்பிப் போனைப் பார்த்தன.

சாம் தலையை மட்டும் நல்லகண்ணு பக்கம் திருப்பினான். "அண்ணாச்சி, இந்த டிவிய யாரு மாட்டச் சொன்னது?"

"குற்றாலிங்கம் அண்ணாச்சிதான்."

போனுக்குள் யாரோ இருமினார்கள். அது வடிவம்மாள் இருமல் அல்ல.

"போன சீசனுக்கு மாட்டினது" என்று நல்லகண்ணு சாவகாசமாகத் தொடர்ந்தார். "அருவியில வெள்ளம் வந்தா குளிக்கத் தடை போட்டுருவான்லா. ஆளுவ எண்ணெயத் தேச்சுக்கிட்டு, தடை எப்ப எடுப்பான் எப்ப எடுப்பான்னு தவிச்சுக் கெடப்பாவ. அதுக்குத்தான், அருவி வீடியோவ அவரு கம்ப்யூட்டர்லருந்து இங்கன தெரியுத மாதிரி போட்டுக் குடுத்தாரு. படுத்துக்கிட்டே பாத்து, தடை எடுத்ததும் எந்திரிச்சு ஓடலாம். நல்ல யோசனை. அவரு யோசனைதான்."

"சும்மாவா செஞ்சாரு?"

"சனிக்கிழமை சனிக்கிழமை அவருக்கு எண்ணெய்க் குளியல் நம்ம பொறுப்பு."

"சீசன் முடிஞ்சும் டிவி ஓடுதே."

"சீசன் முடிஞ்சதும் அணைச்சுப் போட்டுட்டேன். மாசியில ஒரு நாள் தூசி தட்டிட்டு, ஓடுதான்னு போட்டுப் பாத்தேன். அருவி இல்ல, பொண்ணு வந்திச்சு. கடைக்கு ஆளும் வந்திச்சு. தெனமும் பத்து மணிக்குக் கடையத் தெறந்ததும் மொதல்ல இதைத்தான் போடுதேன். அண்ணாச்சி யாவாரத்துக்கு விளம்பரம் பண்ணுதாருன்னு நெனச்சேன்."

"சனிக்கிழமை சனிக்கிழமை வர்ற மனுசன் இதைப் பாக்கவே இல்லியா?"

"அவருக்கு முதுகுல்லா நோவு" என்றார் நல்லகண்ணு. "எங்க கடையில குப்புறப் படுக்க ஒரே ஆளு அவருதான். படுத்த வாக்குல உறங்கிருவாரு."

தட்டிக்கொண்டிருந்த தொழிலாளிகூடக் கையை நிறுத்தினார். போனில் வடிவம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "ஏலே சாம், துண்டைக் கட்டிக்கிட்டு வா."

சாம் எண்ணெய் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தபோது, குற்றாலிங்கம் அண்ணாச்சி வெளியாட்கள் உட்காரும் பெஞ்சில், மாப்பிள்ளை பார்க்க வந்து பிடிக்காமல் போனவர் போல உட்கார்ந்திருந்தார். வடிவம்மாள் மூக்குத்தியிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றார் அண்ணாச்சி, யாரையும் பார்க்காமல். "நான் அருவியத்தான காட்டினேன். அருவி போனா அது அணைஞ்சு போகாதா?"

"நீங்க அருவி காட்டுன அதே பக்கத்துலதான் இப்ப பொண்ணு ஜாதகமும் தெறக்குது" என்றான் சாம். "அதுக்குப் போன சீசன் பூரா மேல போயித் தெறந்தே பழக்கம். பத்து மணிக்கு நல்லகண்ணு டிவியப் போட்டதும், ‘ஆகா, நம்ம எடம் வந்துட்டு’ன்னு தாவி ஏறிருது. காலையில டிவி ஆஃப்ல கெடக்கதால இங்கனயே இருக்கு. கம்ப்யூட்டருக்கு மாசமும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது அண்ணாச்சி. மறந்தது நீங்க. அது மறக்கல."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "சரி. ஆளு கெடைச்சாச்சு. யாரும் விக்கல. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஏட்டி, ஒரு டீ சொல்லு."

பொன்செல்வி எழுந்திருக்கவில்லை.

"அண்ணாச்சி" என்றாள். இப்போது குரல் தேய்ந்திருக்கவில்லை. "நேத்து குரூப்புல கோடி காட்டினியள்லா."

"காட்டினேன். பேரு போடலியே."

"இங்கன வேலை பாக்கது நான் ஒருத்திதான். பேரு போடணுமா?"

அண்ணாச்சி வடிவம்மாளைப் பார்த்தார். வடிவம்மாள் சுவர்க் காலண்டரில் முகூர்த்த நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமைப் பார்த்தார். சாம் சொட்டிக்கொண்டிருந்தான்.

"சரி, மறுப்புப் போடுவோம். எனக்குப் போன்ல டைப் பண்ண வராது. நீயே அடி. நான் சொல்லுதேன்."

பொன்செல்வி, அவர் கண்ணாடி இல்லாமலே படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டாள்.

"அனைவருக்கும் வணக்கம்" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். "எங்கள் மையத்தில் சில ஜாதகங்கள் வெளியே சென்றதற்குக் காரணம், ஒரு தொழில்நுட்பக் கோளாறு..."

விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"அடிட்டி."

"கோளாறு எப்படி வந்துச்சுன்னு கேப்பாவ அண்ணாச்சி."

"இயற்கைச் சீற்றம்னு போடு."

"தண்ணியே இல்லியே" என்றான் சாம்.

அண்ணாச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். பிறகு, கசாயம் குடிப்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "பொன்செல்வி மேல் எந்தக் குற்றமும் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது. இப்படிக்கு, குற்றாலிங்கம்."

அடித்து முடித்தாள். அண்ணாச்சியின் வாட்ஸப் அதே கம்ப்யூட்டரில் திறந்திருந்தது. சங்கத்துக் குரூப்பில் அதை அப்படியே ஒட்டி அனுப்பினாள். அனுப்பியதற்கான அடையாளம் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் யாரும் சொல்லாத ஒன்றைச் செய்தாள். பெரிய எழுத்தில் அடித்து வைத்திருந்த அந்தப் பக்கத்தின் தலையை மவுஸால் பிடித்தாள். மேலே தள்ளினாள். பக்கம் கூரை வழியாக ஏறி மறைந்தது.

பூட்டிய பழக்கடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பலகைத் தடுப்புகளைத் தாண்டி, ஒரு கனத்த குரல் எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது. "பொன்செல்வி மேல்... எந்தக் குற்றமும் இல்லை. தவறு முழுவதும்... ஏ, அண்ணாச்சி மன்னிப்புக் கேக்காருடே."

"யாருடே பொன்செல்வி?" என்றது இன்னொரு குரல்.

"குற்றமே இல்லையாம். நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். போட்டோ போடச் சொல்லு."

"நட்சத்திரம் என்னன்னு கேளு." அது எலுமிச்சம்பழத்தின் குரல்.

அண்ணாச்சி நெற்றியில் கை வைத்தார். சாம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். பொன்செல்வியின் காது மடல் சிவந்தது. ஆனால் கை விசைப்பலகையை விட்டு நகரவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில், தன் முன்னால் வெற்றுத் திரையைப் பார்த்தபடியே, நிதானமாக இன்னும் ஒரு வரி அடித்தாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கனத்த குரல் மறுபடி படித்தது. "பொன்செல்விக்கு இப்போது... மாப்பிள்ளை வேண்டாம். சம்பள உயர்வு... போதும்."

கொஞ்ச நேரம் அங்கே ஆலோசனை நடந்தது. பிறகு நாலு பலகையும் வாசல் வரிசையும் சேர்ந்து ஒரு தீர்ப்புக்கு வந்தது போல, பல குரல்கள் ஒன்றாக வந்தன.

"நியாயந்தான. குடுத்திரும் அண்ணாச்சி."

குற்றாலிங்கம் அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். ஒரு மாதமாக ஊரே மேலே பார்த்தபோது பார்க்காத மனிதர், இப்போது வெகுநேரம் பார்த்தார்.

"சரிட்டி" என்றார்.

"குரூப்புல போட்டுறவா அண்ணாச்சி?"

"போடு."

போட்டாள். அதற்கப்புறம்தான் பொன்செல்வி திரை அமைப்புப் பக்கத்தைத் திறந்து, மூன்றைத் துண்டித்தாள்.